புறத்திலே தோழி இல்லை
(போரில் கணவனை இழந்த பெண்ணைப் பற்றி நம் இலக்கியம் சொன்னதும் சொல்லாததும்)

சங்க இலக்கியத்தில் அதிகமாகப் பேசுகிறவள் யார் என்று கேட்டால் தலைவி என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அக நூல்களைப் பொறுமையாகப் புரட்டிப் பார்த்தால் தோழியின் குரல் அதற்கு இளைத்தது அல்ல என்பது தெரியும். தலைவி மெலிந்தால் தோழி கவலைப்படுகிறாள். தலைவன் வரத் தாமதித்தால் அவனை இடித்துரைக்கிறாள். தாய் சந்தேகப்பட்டால் பதில் சொல்கிறாள். தோழி எந்தெந்த இடத்தில் பேசலாம் என்று தொல்காப்பியர் நீண்ட பட்டியலே தருகிறார். ஒரு பெண்ணின் துக்கத்தை இன்னொரு பெண் கேட்டுக்கொள்வதற்காகவே இத்தனை பெரிய ஏற்பாடு செய்த இலக்கியம் உலகத்தில் வேறு எத்தனை இருக்கும் என்று தெரியவில்லை.

அந்தத் தலைவிக்குக் கல்யாணம் ஆகிறது. கணவன் போருக்குப் போகிறான். போனவன் திரும்பி வரவில்லை. அப்போது அவள் அகத்திணையிலிருந்து புறத்திணைக்கு மாற்றப்படுகிறாள். அங்கே அரசன் இருக்கிறான், புலவர் இருக்கிறார், சான்றோர் இருக்கிறார்கள், குயவன்கூட இருக்கிறான். தோழியை மட்டும் காணோம். அவள் எங்கே போனாள் என்பதே இக்கட்டுரை எழுப்பும் கேள்வி. பெருநகரங்களில் சொந்த பந்தங்களை விட்டு வாழும் நமக்கு இது வெறும் இலக்கண ஆராய்ச்சி அன்று என்பதைப் போகப் போகச் சொல்கிறேன்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் பல்கலைக்கழகப் படி ஏறியவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பம். ஆரணி அரிசி வியாபாரத்துக்காகப் பெங்களூர் வந்து, அல்சூரில் கடை வைத்து நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது. கல்லாவில் உட்கார்ந்தபடி படித்ததுதான் என் படிப்பு. ஆகவே முனைவர்கள் கவனிக்காமல் விட்ட ஒன்றிரண்டு சில்லறை விஷயங்கள் என் கண்ணில் பட்டால் அதை வியாபாரப் புத்தி என்று பொறுத்துக்கொள்ளவும்.

அல்லி அரிசியின் கணக்கு

கணவனை இழந்தவள் நோன்பிருந்து வாழும் நிலைக்குத் தாபத நிலை என்று பெயர். தொல்காப்பியம் இதைக் காஞ்சித் திணையில் வைக்கிறது. புறநானூற்றைத் தொகுத்தவர்கள் இத்தகைய பாட்டுகளைப் பொதுவியல் என்ற திணையில் சேர்த்துள்ளனர். 246 முதல் 256 வரையுள்ள பாட்டுகளைச் சேர்த்துப் படித்தால் இந்த வாழ்க்கையின் முழுப் படமும் கிடைக்கும். இவற்றில் எல்லாக் கணவர்களும் போரில்தான் இறந்தார்கள் என்று வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை. ஆனாலும் வீரர் குடிப் பெண்ணுக்கு விதிக்கப்பட்ட வாழ்க்கை இதுதான் என்பதில் ஐயம் இல்லை.

248ஆம் பாட்டு ஒக்கூர் மாசாத்தனார் பாடியது. சிறு வயதில் அல்லியின் தழையை உடையாக உடுத்திக்கொண்ட பெண், கணவன் இறந்தபின் அதே அல்லியின் விதையை உணவாகக் கொள்கிறாள். ஒரே பூ, இரண்டு பருவம். புலவர்கள் இதன் அழகைப் பாராட்டுவார்கள். அரிசிக்காரனுக்கு வேறொன்று தோன்றுகிறது. அல்லி விதை கடுகைப் போல மிகச் சிறியது. காய் நீருக்குள்ளே முதிர்வது. அதைக் குளத்தில் இறங்கிப் பறித்து, பிளந்து, காயவைத்து, புடைத்து எடுத்தால்தான் ஒரு கைப்பிடி கிடைக்கும். ஒரு வேளைச் சோற்றுக்கு ஒரு நாள் உழைப்பு. இவ்வளவு வேலையையும் அவள் ஒருத்தியாகவா செய்தாள்? உடன் குளத்தில் இறங்கியவர்கள் இருந்திருக்க மாட்டார்களா? ஒரே ஊரில் அப்படி நாலு பேர் இருந்திருந்தால் அந்தக் குளக்கரையில் என்ன பேசிக்கொண்டார்கள்? பாட்டு அதைச் சொல்லவில்லை. பாட்டுக்குள் அவள் தனியாகத்தான் நிற்கிறாள்.

249இல் ஒருத்தி முறமளவு இடத்தை மெழுகுகிறாள். தண்ணீருக்குப் பதில் அவள் கண்ணீரே போதுமானதாக இருக்கிறது. 250இல் தாயங்கண்ணியார் காட்டுவது, வந்தவர்க்கெல்லாம் சோறு போட்ட பந்தல் வீடு. இப்போது அங்கே கூந்தல் கொய்து, வளை கழற்றி, அல்லி உணவு உண்ணும் மனைவி இருக்கிறாள். அன்று அந்தப் பந்தலில் சாப்பிட்டவர்களில் ஒருவராவது திரும்பி வந்து எட்டிப் பார்த்ததாகச் செய்தி இல்லை. 255இல் வன்பரணர் பாடும் பெண் காட்டிலே கணவன் உடலருகே நிற்கிறாள். வாய்விட்டு அழுதால் புலி வரும் என்று பயம். தூக்கிக்கொண்டு போகவும் பலம் இல்லை. கடைசியில் இறந்தவனையே பார்த்துக் கையைப் பிடித்துக்கொள், மெல்ல நடந்து நிழலுக்குப் போவோம் என்கிறாள். கூட ஒரு ஆள் இருந்திருந்தால் அவள் பிணத்தைப் பார்த்து அந்த வார்த்தை சொல்லியிருக்க மாட்டாள் என்பது என் எண்ணம்.

246ஆம் பாட்டு தனிச்சிறப்புடையது. பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு தீப்பாய்வதைச் சான்றோர்கள் தடுக்கிறார்கள். அவள் அவர்களைக் கடிந்து பேசுகிறாள். நெய் இல்லாத சோறும், எள்ளுத் துவையலும், வேளைக் கீரையும் தின்று பரற்கல்லில் பாயின்றிப் படுக்கும் வாழ்க்கைக்கு நான் ஆளில்லை என்கிறாள். இதைக் கற்பின் சிகரம் என்று மேடைகளில் சொல்லிவருகிறோம். சொற்களை ஊன்றிப் படித்தால் அவள் முக்கியமாக மறுப்பது அந்த வாழ்க்கையைத்தான் என்பது விளங்கும். தடுத்த சான்றோர்கள் போகாதே என்றார்களே தவிர, இருந்தால் உன்னோடு இன்னார் இருப்பார்கள் என்று சொன்னதாகப் பாட்டில் இல்லை. தடுப்பது சுலபம். கூட இருப்பதுதான் கஷ்டம்.

தோழி கடைசியாகத் தென்படும் இடம்

புறத்தில் தோழியே கிடையாது என்று சொன்னால் படித்தவர்கள் 281ஆம் பாட்டை எடுத்துக் காட்டுவார்கள். சரிதான். அரிசில்கிழார் பாடிய அந்தப் பாட்டில் காயம்பட்ட வீரன் வீட்டில் கிடக்கிறான். வேப்பிலை செருகி, யாழ் வாசித்து, ஐயவி தூவி, காஞ்சிப் பண் பாடி அவன் புண்ணைக் காப்போம் வா என்று ஒருத்தி தோழியை அன்போடு அழைக்கிறாள். தமிழின் மிக அழகான பாட்டுகளில் இது ஒன்று.

ஆனால் அவன் இன்னும் உயிரோடு இருக்கிறான் என்பதைக் கவனிக்க வேண்டும். அவன் மூச்சு இருக்கும் வரையில் தோழியும் இருக்கிறாள். இதற்கு முந்திய 280ஆம் பாட்டில், மாறோக்கத்து நப்பசலையார் காட்டும் மனைவி தீய நிமித்தங்களைப் பார்க்கிறாள். துடியன், பாணன், விறலி ஆகியோரைப் பார்த்து உங்கள் கதி என்ன ஆகும் என்று கவலைப்படுகிறாள். தன் கதி இன்னது என்பதும் அவளுக்குத் தெரியும். அவளை யார் தேற்றினார்கள்? பாட்டு அதற்குள் முடிந்துவிடுகிறது.

இன்னும் ஒரு பாட்டு, 62. சேரமான் குடக்கோ நெடுஞ்சேரலாதனும் சோழன் வேற்பஃறடக்கைப் பெருவிறற்கிள்ளியும் பொருது இருவரும் களத்தில் விழுந்ததைக் கழாத்தலையார் பாடியது. அங்கே மாண்டவர்களின் மனைவியர் இருக்கிறார்கள். கைம்மை நோன்பு எதையும் மேற்கொள்ளாமல், கணவர் மார்பைத் தழுவியபடியே கிடக்கிறார்கள். இரண்டு பக்கத்துப் பெண்களும் ஒரே களத்தில், ஒரே நிலையில். புலவர் அவர்களைப் பன்மையில் குறித்துவிட்டுப் போகிறார். ஒருத்தி தலையைத் திருப்பிப் பக்கத்தில் கிடப்பவளைப் பார்த்திருந்தால் என்ன நடந்திருக்கும்? அந்தக் கணத்தை எழுதியிருந்தால் உலக இலக்கியத்தில் நமக்கு இன்னொரு சிகரம் கிடைத்திருக்கும்.

இரண்டு பெண்கள் சேர்ந்து துக்கத்தைப் பேசும் புறப்பாட்டு என்றால் என் நினைவுக்கு வருவது பாரி மகளிர் பாடிய 112 மட்டும்தான். அதில் வரும் எம் என்ற சொல் இரண்டு பேருடைய சொல். அவர்கள் கைம்பெண்கள் அல்லர், தந்தையை இழந்தவர்கள். அத்தனை எளிய சொற்களில் அமைந்த அந்தப் பாட்டு இன்றும் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட மனத்தில் தங்குகிறது. துக்கத்தை இரண்டு பேராகச் சொல்லும்போது அதற்கு வேறு ஒரு பலம் வருகிறது என்பதற்கு நம்மிடமே உள்ள சான்று இது.

மேடைத் தாய்

தமிழ்ச் சங்க மேடைகளில் அதிகம் அடிபடும் பாட்டு 279, ஒக்கூர் மாசாத்தியார் பாடியது. முந்தாநாள் போரில் அண்ணன் யானையை வீழ்த்தி மாண்டான் (தந்தை என்பாரும் உண்டு). நேற்று கணவன் ஆநிரையை மீட்கும் சண்டையில் மாண்டான். இன்று பறை கேட்டதும் ஒரே மகனுக்குத் தலை வாரி, வேலைக் கையில் கொடுத்து அனுப்புகிறாள். நம் பேச்சாளர்கள் இதைச் சொன்னதும் கைதட்டல் வானைப் பிளக்கும்.

இவளும் போரில் கணவனை இழந்தவள்தான். கணவன் செத்து ஒரு நாள்தான் ஆகிறது. புலவர் அவள் துணிவைக் கண்டு வியக்கும்போதே இது கொடுமையான துணிவு என்ற தொனியையும் சேர்த்துத்தான் பாடியிருக்கிறார். நாம் வியப்பை மட்டும் எடுத்துக்கொண்டோம். அந்த வீட்டு அடுப்பு மறுநாள் எரிந்ததா, மகனும் திரும்பவில்லை என்றால் அவள் வாசலில் யார் வந்து உட்கார்ந்தார்கள் என்று எந்தப் பேச்சாளரும் கேட்டு நான் கேட்டதில்லை. கைதட்டி முடித்ததும் நாம் எழுந்து போய்விடுகிறோம். அவளை வீரத்தாய் என்று சொல்லிவிட்டால் அவளுக்கு வேறு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்று ஆகிவிடுகிறது.

சிந்தாமணி திறக்கும் ஒரு கதவு

எங்கள் சமயத்து நூல் என்பதற்காக நான் சீவக சிந்தாமணியை இங்கே இழுத்து வரவில்லை. விஷயம் அங்கேதான் இருக்கிறது. சச்சந்தன் தன் அமைச்சன் கட்டியங்காரனால் சூழப்பட்டுப் போரிட்டு மாள்கிறான். நிறைமாதக் கர்ப்பிணியான விசயை மயிற்பொறியில் ஏறித் தப்பிச் சுடுகாட்டில் இறங்குகிறாள். அங்கே சீவகன் பிறக்கிறான். அந்த நேரத்தில் ஒரு தெய்வம் அவளுக்குத் தெரிந்த பணிப்பெண்ணான சண்பகமாலையின் உருவில் வருகிறது. அரசன் உருவிலோ முனிவர் உருவிலோ வந்திருக்கலாமே? திருத்தக்கதேவர் அப்படிச் செய்யவில்லை. அந்த நேரத்தில் அவளுக்குத் தேவை ஒரு தெரிந்த பெண்முகம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. சங்கப் பாட்டிலிருந்து காணாமல் போன தோழி ஆயிரம் வருஷம் கழித்துச் சுடுகாட்டில் திரும்பி வருகிறாள் என்றே நான் இதைப் படிக்கிறேன்.

அதன்பின் விசயை தண்டகாரணியத்துத் தவப்பள்ளியில் நோற்கும் பெண்களோடு போய்ச் சேர்கிறாள். மகன் வளர்ந்து வரும் வரையில் அவள் வாழ்ந்தது அங்கேதான். காப்பிய முடிவில் அவள் துறவு ஏற்கும்போதும் தனியாகப் போகவில்லை. சீவகனை வளர்த்த தாய் சுநந்தையும் உடன் செல்கிறாள்.

இது வெறும் கற்பனை என்று தள்ள முடியாது. எங்கள் பக்கத்து வேடல் ஊரில் உள்ள 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில் கனகவீரக் குரத்தியாரும் அவருடைய 500 மாணாக்கியரும் வருகிறார்கள். அவர்களுக்கு ஒரு சச்சரவு நேர்ந்தபோது ஊரார் தாங்களே காத்துச் சோறிடுவதாக ஏற்றார்கள். ஆற்காட்டுப் பக்கம் விளாப்பாக்கத்தில் பட்டினிக் குரத்தி அடிகள் வெட்டிய கிணற்றையும், அங்கே பெண்பள்ளி ஏற்பட்டதையும் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு சொல்கிறது. பெண்கள் பெண்களோடு கூடி வாழ இடமும் தண்ணீரும் சோறும் ஊர் கொடுத்திருக்கிறது.

ஆனாலும் குறையைச் சொல்லாமல் விடக்கூடாது. பள்ளியில் சேர உலகத்தை விட வேண்டும். விசயையும் அங்கே மகனுக்காகக் காத்திருக்கிறாளே ஒழிய, மற்றப் பெண்களோடு அவள் என்ன பேசினாள் என்பதைத் தேவரும் விரித்துப் பாடவில்லை. வீட்டிலேயே இருந்துகொண்டு, பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு, வாரத்தில் ஒரு நாள் தன்னைப் போன்றவளோடு உட்கார்ந்து பேச விரும்பும் பெண்ணுக்கு நம் பழைய நூல்களில் இடம் இல்லை.

மானியம் வந்தது, மனுஷி வரவில்லை

அரசுகள் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். போரில் மாண்டவன் குடும்பத்துக்கு நிலம் விடுவது பழைய வழக்கம். தமிழ்நாட்டில் உதிரப்பட்டி என்றும், இங்கே கர்நாடகத்தில் நெத்தரு கொடகெ என்றும் அதற்குப் பெயர். இரண்டுக்கும் ஒரே பொருள், இரத்தத்துக்குக் கொடுத்த நிலம். நம் காலத்தில் அது பென்ஷனாக மாறியிருக்கிறது.

கொடை கொடுக்கிறவனுக்கு ஒரு பார்வை உண்டு. அந்தப் பார்வைக்குள்தான் வாங்குகிறவள் அடங்கி நிற்க வேண்டும். ஒரு உதாரணம் சொல்கிறேன். வீரப்பதக்கம் பெற்றவர் இறந்தால் அவர் மனைவிக்கு ஒரு மாதப்படி உண்டு. மறுமணம் செய்துகொண்டால் அது நின்றுவிடும். கணவனின் சகோதரனையே மணந்தால் மட்டும் தொடரும் என்று விதி இருந்தது. மத்திய அரசு 2017 நவம்பரில்தான் அந்த நிபந்தனையை எடுத்தது. அதுவரை விதி எழுதியவர்களின் கற்பனையில் அவள் கணவன் வீட்டு வாசலைத் தாண்டவே இல்லை. பெருங்கோப்பெண்டைத் தடுத்த சான்றோர்களுக்கும் இவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

எங்கள் அல்சூரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவு இருப்பது பெங்களூர்த் தமிழர் எல்லாருக்கும் தெரியும். அந்தத் தம்பிகளின் குடும்பங்கள் என் கடைக்கு நெடுநாள் வாடிக்கை. 1971 போரில் கணவரை இழந்த ஒரு அம்மா மாதம் முதல் வாரத்தில் வருவார். அவர் இப்போது இல்லை. மூட்டை கட்டும் வரை ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் சொன்னார்: "நயினாரே, பென்ஷன் தேதி தவறாம வருது. குடியரசு தினத்துக்குக் கூப்பிட்டு சால்வை போடுறாங்க. வீட்ல அவரைப் பத்திப் பேச்செடுத்தா மட்டும், எதுக்கும்மா இப்போ அதெல்லாம்னு புள்ளைங்க எழுந்து போயிடுதுங்க." நான் இதுவரை படித்த எந்த உரையாசிரியரும் தாபத நிலைக்கு இவ்வளவு தெளிவாக உரை சொல்லவில்லை.

தறியைச் சுற்றி உட்கார்ந்தவர்கள்

இனி இதற்கு விடை கண்ட ஒரு தேசத்தைப் பார்ப்போம். ஆஸ்திரேலியாவில் முதல் உலகப் போர் முடிந்தபின், மாண்ட தோழர்களின் மனைவி மக்களைக் கவனிக்கத் திரும்பி வந்த வீரர்கள் 1923இல் மெல்போர்னில் லெகசி என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். மிக நல்ல காரியம். ஆனால் அது ஆண்கள் செய்யும் உதவி.

இரண்டாம் உலகப் போரில் மேஜர் ஜெனரல் ஜார்ஜ் வேசி 1945 மார்ச்சில் விமான விபத்தில் இறந்தார். அவருடைய மனைவி ஜெஸ்ஸி வேசி அந்த வருஷ முடிவிலேயே மெல்போர்னில் தம்மைப் போன்ற பெண்களைக் கூட்டிப் போர்க் கைம்பெண்கள் கைவினைச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். தம் படையில் மாண்டவர்களின் மனைவியரைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது கணவர் உயிரோடு இருந்தபோதே அவரிடம் சொன்ன விஷயம்.

அவர்கள் முதலில் செய்தது நெசவு. ஏன் நெசவு? கொஞ்சம் காசு வரும் என்பது ஒரு காரணம். எனக்குத் தோன்றும் இன்னொரு காரணம், கைக்கு வேலை இருந்தால் வாய் தானாகத் திறக்கும். நம் ஊரில் புளி கொட்டை எடுக்கும்போதும் அப்பளம் இடும்போதும் பெண்கள் பேசிக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எதிரே உட்காரவைத்து உன் துக்கத்தைச் சொல் என்றால் யாரும் சொல்ல மாட்டார்கள். நூலைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள்.

ஓரிரு ஆண்டுகளில் மற்ற மாநிலங்களுக்கும் சங்கம் பரவியது. புறநகர்களிலும் சிற்றூர்களிலும் சிறு சிறு கிளப்புகள் உண்டாயின. மாதம் ஒரு முறை கூடுவார்கள், தேநீர் குடிப்பார்கள், யாரையாவது அழைத்துப் பேசச் சொல்வார்கள், பஸ் பிடித்து எங்காவது போய்வருவார்கள், உடம்பு முடியாதவளைப் போய்ப் பார்ப்பார்கள். குக்கபரா என்ற பறவையைச் சின்னமாக வைத்துக்கொண்டார்கள். அது மீன்கொத்தி இனம். இணை பிரியாதது, தன் குஞ்சைக் காக்கத் துணிந்து சண்டைக்கு நிற்பது. ஜெஸ்ஸி வேசியும் அப்படித்தான் பென்ஷன் உயர்வுக்காக அமைச்சர்களோடு மல்லுக்கு நின்றார். வயதான கைம்பெண்களுக்குக் குடியிருப்புகள் அமைத்தார். 1966இல் மறைந்தார்.

கூடித் தேநீர் குடிப்பதால் என்ன ஆகும் என்று ஏளனமாகக் கேட்பவர்கள் உண்டு. இங்கிலாந்தைப் பாருங்கள். அங்கே போர்க் கைம்பெண்ணின் பென்ஷனுக்கு வருமான வரி பிடித்தார்கள். ஆஸ்திரேலியாவில் வாழ்ந்து திரும்பிய லாரா கானலி என்ற பெண்மணி அங்கே இந்த வரி இல்லை என்பதை அறிந்தவர். அது எப்படி நியாயம் என்று அவர் எழுப்பிய கேள்வியிலிருந்து 1971இல் ஒரு சங்கம் பிறந்தது. 1979இல் அந்த வரி அடியோடு நீங்கியது. தனியாக இருந்தவரையில் அவரவர் தலைவிதியாக இருந்தது, நாலு பேர் கூடிப் பேசியதும் சட்டத்தின் பிழை என்று தெரிந்துவிட்டது. நம் நாட்டிலும் 1971 போருக்குப் பின், 1972இல் டில்லியில் போர்க் கைம்பெண்கள் சங்கம் அமைந்தது. அதைத் தொடங்கியவர் குடியரசுத் தலைவராக இருந்த வி.வி. கிரியின் மருமகள் மோகினி கிரி. அவர் 2023இல் காலமானார்.

உதவிக்கும் நட்புக்கும் உள்ள வேறுபாட்டை இந்தக் கிளப்புகள் காட்டுகின்றன. உதவியில் கொடுப்பவர் மேலே, வாங்குபவர் கீழே. நட்பில் இரண்டு பேரும் ஒரே பாயில் உட்கார வேண்டும். நேற்றுக் கைம்பெண் ஆனவளுக்கு, இருபது வருஷத்துக்கு முன் ஆனவள் உயிரோடு எதிரே உட்கார்ந்து சிரித்துப் பேசுவதே பெரிய ஆறுதல். அதை எந்தக் கலெக்டராலும் கொடுக்க முடியாது.

இரண்டு எதிர்வாதங்கள்

இத்தகைய கிளப்புகளிலும் குறை இல்லாமல் இல்லை. முதலாவது, போர்க் கைம்பெண் என்ற பெயரே ஒருத்திக்குச் சாகும்வரை விலாசமாகிவிடும் அபாயம். நம் நாட்டில் இப்போது வீர நாரி என்கிறார்கள். மரியாதையான சொல்தான். ஆனால் அவளுக்குச் சமையல் பிடிக்கும், சினிமா பிடிக்கும், மறுபடி கல்யாணம் செய்துகொள்ளக்கூடத் தோன்றலாம் என்பதையெல்லாம் அந்தச் சொல் மறைத்துவிடக்கூடாது. சிரிப்பதற்கும் ஊர் சுற்றுவதற்கும் கூடுகிற கிளப் இந்த அபாயத்தை ஓரளவு குறைக்கிறது. துக்கம் விசாரிக்க மட்டுமே கூடுகிற சங்கம் அதை வளர்த்துவிடும்.

இரண்டாவது, 62ஆம் பாட்டு எழுப்பும் கேள்வி. எந்த நாட்டுச் சங்கமும் தன் படையில் மாண்டவனின் மனைவியைத்தான் சேர்த்துக்கொள்கிறது. எதிர்ப்பக்கத்தில் மாண்டவன் மனைவி? இலங்கையில் 2009இல் போர் முடிந்தபோது வடக்கிலும் கிழக்கிலும் பல்லாயிரம் தமிழ்ப் பெண்கள் கணவரை இழந்து நின்றார்கள். வென்றவனின் பதக்கமும் படியும் இவர்களுக்கு எட்டாதவை. கழாத்தலையார் களத்தில் இரு பக்கத்துப் பெண்களையும் ஒரே வரிசையில் வைத்தார். இந்த விஷயத்தில் ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய புலவர் நம் காலத்துச் சங்கங்களைவிட முன்னால் நிற்கிறார்.

நமக்கு

இந்த மலரைப் படிப்பவர்களில் பலர் சொந்த ஊரைவிட்டு வந்தவர்கள். ஊரில் என்றால் சித்தி, அத்தை, பக்கத்து வீட்டு ஆயா என்று யாராவது திண்ணையில் இருப்பார்கள். இங்கே அபார்ட்மெண்ட் கதவு சாத்திக்கொண்டால் அவ்வளவுதான். போரில் இழந்தவளானாலும் நோயில் இழந்தவளானாலும் புறநானூற்றுப் பெண்ணைப் போலவே தனியாகத்தான் இருக்கிறாள். ஆகவே தமிழ்ச் சங்கம் என்று நாம் நடத்துவது இந்த இடத்தில்தான் பயன்பட வேண்டும்.

ஆனால் நடப்பது என்ன? பொங்கல் விழாவிலும் விளக்கு வழிபாட்டிலும் தாம்பூலத் தட்டோடு வரிசையாக வரும் கை, ஒரு சில அம்மாக்கள் முன்னால் வந்ததும் தயங்கி, தாண்டி அடுத்தவரிடம் போகிறது. பல விழாக்களில் பின்வரிசையில் உட்கார்ந்து இதைப் பார்த்திருக்கிறேன். தாண்டிப்போகிறவர் கெட்டவர் அல்லர், பழக்கம். தாண்டப்பட்டவர் முகத்தில் ஒன்றும் தெரியாது, அதுவும் பழக்கம். மறுவருஷம் அந்த அம்மா விழாவுக்கு வரமாட்டார். உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்புவார். அதே மேடையில் 279ஆம் பாட்டுக்குக் கைதட்டுகிறோம்.

தட்டு எல்லாரிடமும் நிற்கட்டும். மாதம் ஒரு சனிக்கிழமை சங்கத்து அறை ஒன்றை இந்த அம்மாக்களுக்கென்று திறந்துவிடுங்கள். தலைவர் உரை, சால்வை, புகைப்படம் எதுவும் வேண்டாம். ஒரு பிளாஸ்க் காபியும், கைக்கு ஏதாவது வேலையும், நாலு நாற்காலியும் போதும். அரிசி, பருப்பு வேண்டுமென்றால் என் கடையிலிருந்து வரும். தொல்காப்பியர் வகுக்காத அந்தத் துறையை அவர்களே பேசிப் பேசி வகுத்துக்கொள்வார்கள்.